செருப்பு வானத்தில் கிளம்பிய கதை: ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்பை ஸ்பானிஷுக்குக் கொண்டுபோவது எப்படி?

முகப்புத்திண்ணை எழுதியது:

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். முகப்பில் உட்கார்ந்து சாவி கொடுத்து வாங்குகிற வேலை எனக்கு. இந்த சீசனில் ஸ்பெயின், மெக்சிகோ ஆட்கள் கொஞ்சம் கூடுதலாக வந்தார்கள். அறைக்குள் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிற குறிப்பை ஸ்பானிஷிலும் போடலாமே என்றார் முதலாளி. ஒன்றரை வருடமாக ஆன்லைனில் ஸ்பானிஷ் படிக்கிற தைரியத்தில் நானே எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

பட்டாலைக்குள், அதாவது கூடத்துக்குள், போகும் முன் செருப்பைக் கழற்றச் சொல்லும் வரியில் ‘டேக் ஆஃப்’ இருந்தது. வினையோடு ஆஃப், அப், அவுட் மாதிரி ஒரு சின்னச் சொல் ஒட்டி வேறு அர்த்தம் தருகிறதே, அந்த ஃப்ரேசல் வெர்ப் வகை. அகராதியில் முதலில் நின்றது ‘டெஸ்பெகார்’, அதையே போட்டேன். அது விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்கான சொல். அதாவது, ‘உங்கள் செருப்புகள் இங்கிருந்து வானில் கிளம்பட்டும்’.

அடுத்தது கெய்சர். காலை 9 மணிக்கு ‘கோஸ் ஆஃப்’, அதாவது நின்றுவிடும், என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் எடுத்த சொல் ‘எஸ்தயார்’. அது வெடிகுண்டுக்கு உள்ளது. மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு ஒரு வயதான ஸ்பெயின் அம்மா, தோளில் துண்டு, கையில் அந்தக் குறிப்பு, வளவு முற்றத்து ஓரத்தில் நின்று குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் கேட்டால், ‘இன்னும் கால் மணி நேரத்தில் வெடிக்குமாமே, எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா?’ என்கிறார். முகத்தில் சிரிப்பே இல்லை.

துணி துவைக்கப் போடுகிறவர்கள் 8 மணிக்குள் வாசலில் வையுங்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘புட் அவுட்’. நான் எழுதியது ‘அபகார்’. துணியை அணைக்கச் சொல்லியிருக்கிறேன், நெருப்பை அணைப்பதுபோல.

காரைக்குடி ஸ்டேஷனுக்கு வந்து ‘பிக் அப்’ செய்வோம் என்ற வரிக்கு ‘கொஹேர்’ போட்டேன். மெக்சிகோ கோஷ்டி ஒன்று அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஃப்ரேசல் வெர்ப்புக்கும் அஞ்சாறு அர்த்தம். எதை எடுப்பது என்று எப்படித்தான் முடிவு செய்கிறீர்கள்?

வடக்குவளவு எழுதியது:

ஆங்கிலத்தையே விட்டுவையுங்களேன் தம்பி. ஊருக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அது புரியும். இல்லை, எழுதித்தான் ஆவேன் என்றால் இருநூறு வெர்ப்பைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதுதான் ஒரே வழி. குறுக்குவழி கிடையாது.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தம்பி, கெய்சர் வெடிக்கும் என்று படித்த அம்மாவை நினைத்துக் காப்பியைச் சிந்திவிட்டேன்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவள் நான். மகள் மாட்ரிடில் இருக்கிறாள், போய் வந்து நாலு வார்த்தை ஸ்பானிஷ் ஒட்டிக்கொண்டது. அந்த உரிமையில் சொல்கிறேன், பட்டியல் மனப்பாடம் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கே உதவவில்லை. ‘டேக் ஆஃப்’ என்றால் ஆறு அர்த்தமும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். வாக்கியத்தில் வந்தால் திருதிருவென்று முழிப்பார்கள்.

நீங்கள் வினையையே முறைத்துப் பார்க்கிறீர்கள். பக்கத்தில் யார் நிற்கிறார், எது நிற்கிறது என்று பாருங்கள். ‘டேக் ஆஃப்’ பக்கத்தில் விமானம் நின்றால் தமிழில் என்ன சொல்வீர்கள்? கிளம்பியது. சட்டை நின்றால்? கழற்றினான். புதிதாகத் தொடங்கிய கடை நின்றால்? நன்றாக ஓடுகிறது. தமிழ் அதை ஏற்கனவே மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஸ்பானிஷும் அப்படியே: விமானத்துக்கு ‘டெஸ்பெகார்’, உடம்பில் உள்ளதற்கு ‘கித்தார்செ’, கடைக்கு ‘தெனேர் எக்சிதோ’, அதாவது வெற்றி காண்பது. ஆகவே ஆங்கிலத்திலிருந்து நேரே ஸ்பானிஷுக்குத் தாவாதீர்கள். நடுவில் ஒரு தடவை வீட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்தத் தமிழ் வினையை எடுத்துக்கொண்டுபோய் அகராதியில் தேடினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர், ஒரு அசைவு எந்தத் திசையில் போகிறது என்பதை மொழிகள் எங்கே வைக்கின்றன என்று பார்த்து அவற்றை வகை பிரித்தார். ஆங்கிலம் திசையை வினைக்கு வெளியே ஒட்டுகிறது: கெட் ஆன், கெட் ஆஃப், கெட் இன், கெட் அவுட். ஸ்பானிஷ் வினைக்குள்ளேயே வைத்துவிடுகிறது: சுபீர், பஹார், என்த்ரார், சலீர். தமிழில் சொல்லுங்கள்: ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு. பார்த்தீர்களா, நாம் ஸ்பானிஷ்காரர்கள் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொன்று. கெய்சர் வரியில் வினையே வேண்டாம். ‘6 முதல் 9 வரை வெந்நீர் உண்டு’ என்று போடுங்கள். ‘உண்டு’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘ஐ’ என்று ஒற்றை எழுத்துப்போல ஒரு சொல் இருக்கிறது: ‘ஐ அகுவா கலியெந்தே’, அப்புறம் மணி. ஆங்கிலம் ‘கோஸ் ஆஃப்’ என்று எழுதிவிட்டது என்பதற்காக நீங்களும் எதையாவது நிறுத்தவோ வெடிக்கவோ வேண்டியதில்லை.

கந்தரப்பம் எழுதியது:

ஆச்சி, செருப்பு வரி முழுதாக எப்படி வரும்?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

‘போர் ஃபவோர், கீத்தென்செ லோஸ் சப்பாத்தோஸ்’. ‘உங்கள்’ செருப்பு என்று சொல்லத் தேவையில்லை. தமிழிலும் ‘செருப்பைக் கழற்றவும்’ என்றுதானே எழுதுகிறோம், அடுத்தவர் செருப்பை யார் கழற்றப் போகிறார்கள்?

ஈயச்சொம்பு எழுதியது:

அந்த மெக்சிகோ கோஷ்டி ஏன் சிரித்தது என்று நான் சொல்கிறேன். ஆறு வருடம் மெக்சிகோவில் வேலை பார்த்தேன்.

ஸ்பெயினில் ‘கொஹேர்’ சாதாரணச் சொல். பஸ் பிடிப்பது, ஃபோன் எடுப்பது, கீழே கிடப்பதை எடுப்பது எல்லாவற்றுக்கும் அதுதான். மெக்சிகோ, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் அது படுக்கையறைச் சமாச்சாரம். ‘ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் எல்லாரையும்...’ என்று விடுதிக்காரர் எழுதி ஒட்டியிருந்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? நல்லவேளை, கோபப்படவில்லை.

எல்லா ஊருக்கும் பொருந்துவது ‘ரெகொஹேர்’. பார்க்க ‘கொஹேர்’ மாதிரியே இருந்தாலும் அதில் ஒரு வம்பும் கிடையாது. ஆளை அழைத்துவரவும் கீழே கிடப்பதைப் பொறுக்கவும் அதையே சொல்லலாம். மெக்சிகோவில் இன்னும் இயல்பாக ‘பசாமோஸ் போர் உஸ்தேதெஸ்’ என்பார்கள், ‘உங்களுக்காக அந்த வழியே வருகிறோம்’ என்பது மாதிரி. நம் ஊரில் ‘வர்ற வழியில கூட்டிக்கிறேன்’ என்போமே, அதே தொனி.

‘பிக் அப்’ கதை அதோடு முடியவில்லை. ஆச்சி சொன்ன மாதிரி பக்கத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டும். ஃபோன் நின்றால் மெக்சிகோவில் ‘கொந்தெஸ்தார்’, பதில் சொல்வது. மொழி நின்றால் ‘அப்ரெந்தேர்’, கற்பது. வியாபாரம் சூடு பிடித்தது என்றால் ‘மெஹொரார்’, முன்னேறுவது. தமிழிலும் எடு, கற்றுக்கொள், சூடு பிடி என்று தனித்தனிதானே.

வண்டி நின்றுபோனதைச் சொல்லும் ‘பிரேக் டவுன்’ விஷயத்திலும் நாட்டுக்கு நாடு சொல் மாறும். ஸ்பெயினில் ‘அவெரியார்செ’, மெக்சிகோவில் ‘டெஸ்கொம்பொனேர்செ’. யாருக்கு எழுதுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் என்றால், ‘வண்டி ஓடவில்லை’ என்று சுற்றிவளைத்துச் சொல்லிவிடுவது உத்தமம். மொழிபெயர்ப்பில் கௌரவம் பார்த்தால் கதைக்கு ஆகாது.

முகப்புத்திண்ணை எழுதியது:

ஆச்சிக்கும் அண்ணனுக்கும் நன்றி. மெக்சிகோக்காரர்கள் போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து விடைபெற்றதன் காரணம் இப்போதுதான் புரிகிறது.

ஆச்சி சொன்ன முறையை முகப்பில் மாட்டியிருக்கிற வீட்டு வரலாற்றுப் பலகையில் முயன்று பார்த்தேன். அதில் ‘வைண்ட் அப்’ ஒரே பத்தியில் இரண்டு தடவை வருகிறது. ஒன்று, ரங்கூன் கடையை ‘வைண்ட் அப்’ செய்தது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது கொடுக்கல் வாங்கலை அப்படியே விட்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் இந்தப் பக்கம் எத்தனையோ. இன்னொன்று, பட்டாலைச் சுவரில் தொங்குகிற பெண்டுலக் கடிகாரம். அதை வாரம் ஒருமுறை ‘வைண்ட் அப்’ செய்கிறோம்.

நடுவில் தமிழை நிறுத்திப் பார்த்தேன். கடையைக் கட்டினார், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறோம். ஸ்பானிஷிலும் அப்படியே பிரிகிறது: கடைக்கு ‘செர்ரார்’ அல்லது ‘லிகிதார்’, கடிகாரத்துக்கு ‘டார் குவெர்தா’. ‘டார்’ என்றால் கொடு. நாம் சாவி கொடுக்கிறோம், அவர்கள் கயிறு கொடுக்கிறார்கள்! அன்றைக்கு ஒரு நாள் கடிகாரத்தின் கீழே நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், சமையல்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

அதே பலகையில் ‘ரன் டவுன்’ இருக்கிறது, வீடு சிதிலமாகிக் கிடந்ததாம். ‘டூ அப்’ இருக்கிறது, அதைச் செப்பனிட்டது. ‘புல் டவுன்’ இருக்கிறது. அந்தக் கடைசிச் சொல்லை மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ‘டெரிபார்’, இடித்துத் தள்ளுவது. எத்தனை வீடு அப்படிப் போய், அதன் பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் சாய்த்து வைத்திருக்கிறது! சரி, அது வேறு கதை.

ஒரு சந்தேகம். பலகையில் ‘செட் அப்’ இரண்டு இடத்தில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம் ஒன்று. சந்தையில் கடை விரிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல் போகுமா?

ஈயச்சொம்பு எழுதியது:

போகாது. ஆய்வகத்துக்கு ‘ஃபுந்தார்’, நிறுவுவது. சந்தைக் கடைக்கு ‘மோந்தார்’. சாப்பாட்டு மேசையில் தட்டு டம்ளர் எடுத்து வைப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘செட்’தான், அங்கே ‘பொனேர் லா மேசா’. மேசையை ‘ஃபுந்தார்’ செய்தால் அதற்கும் ஒரு திறப்புவிழா வைக்க வேண்டியிருக்கும்.

வடக்குவளவு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் தமிழ் ரொம்ப ஒழுங்கு மாதிரி பேசுகிறீர்களே. நம் ‘போடு’ என்ன செய்கிறதாம்? சட்டை போடு, சண்டை போடு, டீ போடு, கோலம் போடு, பூட்டுப் போடு, குட்டி போடு. ஒரு ஸ்பானிஷ்காரன் தமிழ் படிக்க வந்தால் அவனும் இதே மாதிரி இழை ஆரம்பித்து அழுவான்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

அழமாட்டான், ஏனென்றால் அவனிடமும் ஒரு ‘போடு’ இருக்கிறது. அதன் பெயர் ‘எச்சார்’. குழம்பில் உப்புப் போடுவது ‘எச்சார் சால்’. பெட்டியில் தபால் போடுவது ‘எச்சார் உனா கார்த்தா’. கதவைப் பூட்டுவது ‘எச்சார் லா யாவே’. மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடுவதுகூட ‘எச்சார் உனா சியெஸ்தா’! மகள் வீட்டில் இதைக் கேட்டபோது, பள்ளத்தூர் ஆட்கள் யாராவது முன்னாலேயே அங்கே போய்ச் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்று தோன்றியது. ஆனால் சண்டைக்கும் சட்டைக்கும் ‘எச்சார்’ வராது. சட்டைக்கு ‘பொனேர்செ’.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், இது எனக்குப் பிடித்த இடம். ‘பொனேர்செ’, ‘கித்தார்செ’ என்று கடைசியில் ஒரு ‘செ’ ஒட்டுகிறதே, அது என்ன செய்கிறது என்று இலக்கணப் புத்தகம் நாலு பக்கம் விளக்கும். எனக்கு மகள் வீட்டு அடுப்படியில் ஒரே காலையில் விளங்கியது.

பால் திரிந்துபோனது. மகள் வீட்டு வேலைக்கு வருகிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, ‘செ கோர்த்தோ லா லெச்சே’ என்றாள். ஆங்கிலத்தில் ‘கோன் ஆஃப்’. அவள் சொன்னது ‘திரிஞ்சுபோச்சு’. கொஞ்ச நேரத்தில் மின்சாரம் நின்றது. ‘செ ஃபுவே லா லூஸ்’. வார்த்தைக்கு வார்த்தை, வெளிச்சம் போயிருச்சு. நாம் ‘கரண்ட் போயிருச்சு’ என்கிறோம் அல்லவா! அந்த இருட்டில் அவள் கையிலிருந்து டம்ளர் விழுந்து உடைந்தது. ‘செ மே காயோ எல் வாசோ’ என்றாள். அதில் ‘நான் போட்டேன்’ என்ற பேச்சே இல்லை. டம்ளர் தானாக விழுந்தது, அவள் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள் என்றைக்காவது ‘தட்டை உடைச்சேன்’ என்று சொல்லியிருக்கிறார்களா? ‘கை தவறி விழுந்துருச்சு’தான். மாட்ரிட் ஆனாலும் பள்ளத்தூர் ஆனாலும் பீங்கான் தானாகவே விழுகிறது.

ஆகவே ஒரு ஃப்ரேசல் வெர்ப்பைத் தமிழில் சொல்லும்போது கடைசியில் ‘போ’, ‘விடு’, ‘கொள்’ ஒட்டினால், ஸ்பானிஷில் ‘செ’ இருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள். தூங்கிப்போனான், ‘டொர்மீர்செ’. போய்விட்டான், ‘ஈர்செ’. விழுந்துவிட்டான், ‘கயேர்செ’. ரொட்டி ‘ரன் அவுட்’ ஆகிவிட்டது என்றால் ‘செ நோஸ் அகபோ எல் பான்’, தீர்ந்துபோச்சு.

வடக்குவளவு எழுதியது:

ஆச்சி, மன்னிக்கவும், இங்கே மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ‘பஸ் வந்துருச்சு’, ‘லெட்டர் எழுதிட்டேன்’, இதிலும் ‘விடு’ இருக்கிறது. ‘செ’ போட்டால் என்ன ஆகும்?

ஈயச்சொம்பு எழுதியது:

அண்ணன் பிடித்தது சரியான பிடி. நானும் முதல் வருடம் இப்படித்தான் கண்ட இடத்தில் ‘செ’ ஒட்டிக்கொண்டு திரிந்தேன். ‘எழுதிட்டேன்’ என்பதற்கு ‘மே எஸ்க்ரிபீ’ (‘நான்’ என்று வரும்போது ‘செ’ என்பது ‘மே’ ஆகிவிடும்) என்றால் எனக்கு நானே எழுதிக்கொண்டேன் என்று ஆகிவிடும். வேலை முடிந்தது என்று மட்டும் சொல்கிற ‘விடு’வுக்கு அங்கே ‘யா’ என்று ஒரு குட்டிச் சொல் முன்னால் வரும். ‘யா யெகோ எல் கமியோன்’, பஸ் வந்துருச்சு. மெக்சிகோவில் பஸ்ஸுக்கு ‘கமியோன்’ என்பார்கள், ஸ்பெயினில் அது லாரி, அங்கே போய் இதைச் சொல்லாதீர்கள். ‘யா லோ எஸ்க்ரிபீ’, எழுதிட்டேன்.

தானாக நடந்தது, நிலை மாறியது, தன் உடம்பில் செய்துகொண்டது என்றால் பெரும்பாலும் ‘செ’. வெறுமனே முடிந்துபோன வேலை என்றால் ‘யா’. ஆச்சி சொன்னது ஒரு நல்ல மோப்பம். கடைசியில் அகராதியைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். ‘யா’வை மறந்துவிட்டேன், வயசாச்சு.

கந்தரப்பம் எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ‘சப்பாத்தோஸ்’ என்று படித்ததும் எங்கள் ஐயா ஞாபகம் வந்துவிட்டது. கொழும்பில் கடை வைத்திருந்தவர், ஷூவை ‘சப்பாத்து’ என்றுதான் சொல்வார். சின்ன வயதில் நாங்கள் கேலி செய்வோம். இரண்டும் ஒன்றா?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஒரே குடும்பம். இலங்கைத் தமிழில் ‘சப்பாத்து’ போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது, ஸ்பானிஷ் அதன் உடன்பிறப்பு. நம் சாவி, மேசை, அலமாரி, ஜன்னல் எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவை. ஸ்பானிஷில் மேசை ‘மேசா’, அலமாரி ‘அர்மாரியோ’, சாவி ‘யாவே’. ஐயாவைக் கேலி செய்ததற்கு இப்போது மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு.

ஆத்தங்குடிக்காரன் எழுதியது:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஸ்பானிஷ் ஒரு எழுத்தும் தெரியாது. எங்கள் வீட்டில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட கல், போடுகிறோம். சுற்றுலா வண்டியில் வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கும்போது பூ அப்படியே நிற்குமே, அதைப் பார்த்ததும் ஒரு ‘ஓ’ போடுவார்கள். அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, காயவைத்து, தண்ணீரில் ஊறவைப்போம். கடைசியில் கண்ணாடியிலிருந்து கல்லைப் பிரித்து எடுக்கிறோம். மெருகு ஏற்றவே வேண்டாம், கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் வழவழப்பு.

போன மாதம் வந்த ஸ்பெயின்காரர் ஒருவர் தரையைத் தடவிப் பார்த்து, எங்கள் ஊர்ப் பழைய வீடுகளிலும் இப்படிப்பட்ட கல் உண்டு என்று வழிகாட்டி மூலம் சொன்னார். பிறகு கண்ணாடியிலிருந்து கல் கையோடு வந்ததும் ஒரு வார்த்தை சொன்னார். இழையைப் படித்த பிறகு அதுதானோ என்று சந்தேகம். ‘செ டெஸ்பெகா’ என்பதுபோலக் காதில் விழுந்தது. கல் எங்கே பறந்தது?

ஈயச்சொம்பு எழுதியது:

பறக்கவில்லை. அதுதான் அந்தச் சொல்லின் முதல் அர்த்தம்! ‘பெகார்’ என்றால் ஒட்டுவது, ‘டெஸ்பெகார்’ ஒட்டியது விடுபடுவது. விமானம் தரையிலிருந்து விடுபடுகிறது, அதனால் அதற்கும் வந்தது. கண்ணாடியிலிருந்து கல் விடுபட்டு வருவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அங்கே அந்தக் கல்லுக்குப் பெயர் ‘பல்தோசா ஹித்ராவுலிகா’. பார்சிலோனாவின் பழைய வீடுகளில் நிறையப் பார்க்கலாம். அங்கே இயந்திரத்தில் அழுத்திச் செய்வார்கள், இங்கே கண்ணாடியும் கையும்.

முகப்புத்திண்ணை எழுதியது:

அப்படியானால் நான் எழுதிய சொல் தப்பில்லை, ஒட்டிய இடம்தான் தப்பு.

புதிய குறிப்பு தயார். செருப்புக்கு ‘கீத்தென்செ’, வெந்நீருக்கு ‘ஐ’, ஸ்டேஷனுக்கு ‘ரெகொஹேமோஸ்’, துணிக்கு ‘சகார்’, அதாவது வெளியே எடுத்து வைப்பது. கடைசியாக விளக்கு. அறையை விட்டுப் போகும்போது விளக்கை ‘புட் அவுட்’ செய்யச் சொல்லும் வரிக்கு, எங்கள் அப்பத்தா ‘அணை’ என்று சொல்லவே விடமாட்டார், ‘அமத்து’ என்பார். ஸ்பானிஷில் அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை, ‘அபகார்’ என்றே விட்டுவிட்டேன்.

பழைய குறிப்பைக் கிழித்துப் போட மனசு வரவில்லை. ஆத்தங்குடி அண்ணே, அந்த ‘டெஸ்பெகார்’ வரியை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் பட்டறையில் ஸ்பானிஷ் பலகை வைப்பதாக இருந்தால் சொல்லுங்கள், ‘சப்பாத்தோஸ்’ என்ற இடத்தில் ‘பல்தோசா’வைப் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன்.

ஆத்தங்குடிக்காரன் எழுதியது:

கொண்டாங்க தம்பி. வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு அச்சு ஊற்றவும் சொல்லித் தருகிறேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள், சிமெண்டு ஒட்டினால் போகாது.